36 பல்லை ஏன் பூட்டேலாது?

1970களில் செய்த ஒரு நல்ல ரேசிங் சைக்கிளை எடுத்துப் பாருங்கள். இத்தாலியில் செய்ததோ, இங்கிலாந்தில் செய்ததோ, ஜப்பானில் செய்ததோ, அநேகமாக முன்னால இரண்டு செயின்வீல் இருக்கும். பெரியதில் 52 பல்லு, சின்னதில் 42 பல்லு. ஏற்றத்தில் உழக்கக் கஷ்டமாக இருக்கு, இந்த 42ஐக் கழற்றிப்போட்டு 36 பல்லுள்ள ஒன்றைப் பூட்டுவம் என்று யோசித்தால், பல சைக்கிள்களில் ஏலாது. கடையில் சாமான் இல்லாத பிரச்சினை இல்லை இது. அந்தக் கிராங்குக்கு அப்படியொரு செயின்வீலைச் செய்யவே ஏலாது.

காரணம் ஐந்து துளைகள். கிராங்கிலிருந்து நட்சத்திரம் மாதிரி ஐந்து கைகள் விரியும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு போல்ட் துளை. அந்த ஐந்து துளைகளையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் கீறினால் அதன் விட்டம் 144 மில்லிமீற்றர். சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையில் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். அந்தக் கணக்கில் 36 பல்லுச் செயின்வீலில் செயின் சுற்றி இருக்கிற வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 145.5 மில்லிமீற்றர். பல்லு இருக்கவேண்டிய இடத்தில் போல்ட் வந்து நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அந்த 144ஐ யார் தீர்மானித்தது? ஏன் 120 இல்லை, ஏன் 100 இல்லை? அதைத் தேடிக்கொண்டு போனால் ஒரு நூற்றாண்டுச் சண்டை வருகிறது. சைக்கிள் யாருக்கானது, எந்த உடம்புக்கானது என்ற சண்டை.

பல்லுக் கணக்கு

முதலில் கணக்கை விளங்கிக்கொள்ளுவம். 1870களின் உயரச் சைக்கிள்களில் (முன்சில்லு பெரிசு, பின்சில்லு சின்னன்) செயின் இல்லை. பெடல் நேரே முன்சில்லில்தான் இருந்தது. ஒருதரம் உழக்கினால் சில்லு ஒருதரம் சுற்றும். வேகம் வேணுமெண்டால் சில்லைப் பெரிசாக்கவேணும். சில்லு எவ்வளவு பெரிசாகலாம் என்பதை ஓட்டுகிறவரின் கால் நீளம் தீர்மானித்தது. கால் நீளமானவன் வேகக்காரன்.

1885இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி இங்கிலாந்தின் கொவென்றியில் கொண்டுவந்த ரோவர் சைக்கிள் இதை மாற்றியது. இரண்டு சில்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பெடல் நடுவில், அங்கிருந்து செயின் பின்சில்லுக்கு. முன்பல்லு எத்தனை, பின்பல்லு எத்தனை என்பதை வைத்து எந்தக் காலுக்கும் எந்த வேகத்தையும் கொடுக்கலாம். ஆனாலும் பழைய பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் ஆங்கில மரபில் கியரை அங்குலத்தில்தான் சொல்லுகிறார்கள். முன்பல்லைப் பின்பல்லால் பிரித்து, சில்லு விட்டத்தால் பெருக்கவேணும். முன்னால 44, பின்னால 18, சில்லு 28 அங்குலம் எண்டால் 68 அங்குலம். அதாவது 68 அங்குலச் சில்லுள்ள உயரச் சைக்கிளை ஓட்டுகிறதுக்குச் சமன். செத்துப்போன ஒரு சைக்கிளின் ஆவி இன்னமும் கணக்குக்குள் இருக்கு.

இதே கணக்கில், 27 அங்குலச் சில்லுள்ள ரேசிங் சைக்கிளில் 52க்கு 13 எண்டால் 108 அங்குலம். இறக்கத்தில் பறக்கலாம். 42க்கு 24 எண்டால் 47. சின்னச் செயின்வீலை 36 ஆக்கினால் 40க்கு இறங்கும். இந்த ஏழு அங்குலம் கேட்கச் சின்னதாக இருக்கும். நீண்ட ஏற்றத்தில், சாமானும் ஏற்றிக்கொண்டு போகும்போது, உழக்கிக்கொண்டு போவதற்கும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அது.

வெலோசியோவும் டெகிராஞ்சும்

பிரான்சில் சன்-எத்தியன் என்றொரு நகரம். ஆயுதத் தொழிற்சாலை, நிலக்கரி, பிறகு சைக்கிள். சுற்றிவர மலை. அங்கே போல் டி விவி (1853–1930) என்றொருவர் இருந்தார். வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார், 'லு சிக்லிஸ்ற்' என்ற சஞ்சிகையை நடத்தினார். ஒரே கியரை வைத்துக்கொண்டு மலையில் ஓடுவது மடைத்தனம் என்பது அவருடைய கட்சி. முன்னால இரண்டு செயின்வீலைப் பக்கத்தில் பக்கத்தில் பூட்டினார். ஏற்றம் வந்தால் சைக்கிளை நிற்பாட்டி, கையாலே செயினைத் தூக்கிச் சின்னதில் போடவேணும். இறக்கம் வந்தால் திரும்பவும் கை. கை முழுக்கக் கிறீஸ். ஆனாலும் இன்றைய இரட்டைச் செயின்வீலின் மூதாதை இதுதான்.

எதிர்க்கட்சியில் இருந்தவர் ஹென்றி டெகிராஞ். பத்திரிகை ஆசிரியர், 1903இல் ரூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கியவர். அவருக்குக் கியர் மாற்றிகளைக் கண்ணில் காட்டக்கூடாது. 1902இல் பிரான்சின் ரூறிங் கிளப் மலைப்பாதையில் ஒரு பரீட்சைப் போட்டி வைத்தது. ஒற்றைக் கியரில் ஓடிய எடுவார் ஃபிஷர் என்ற போட்டி வீரரை, மூன்று கியர் வைத்த சைக்கிளில் வந்த மார்த் ஹெஸ் என்ற பெண் வென்றார். இதற்கு டெகிராஞ் எழுதிய பதில் சைக்கிள் வரலாற்றில் பிரபலம். மாறும் கியர் நாற்பத்தைந்து வயதைத் தாண்டினவர்களுக்குத்தான் என்றும், இயந்திரத்தின் தந்திரத்தால வெல்லுவதைவிடத் தசையின் பலத்தால வெல்லுவதுதான் வெற்றி என்றும் அவர் கருத்துச் சொன்னார்.

இந்தப் பதிலைக் கொஞ்சம் நின்று வாசிக்கவேணும். ஒரு பெண் வென்றதற்குப் பதிலாக, கியர் கிழவர்களுக்குரியது என்கிறார். வென்றது யார் என்ற கேள்வியைத் தாண்டி, எது சரியான உடம்பு என்ற கேள்விக்குப் போய்விடுகிறார். இளமையான, பலமான, ஆண் உடம்பு. மற்றவர்கள் எல்லாரும் விதிவிலக்கு. சைக்கிளின் அளவுகளை விதிவிலக்குக்காகச் செய்யத் தேவையில்லை என்ற முடிவு இதற்குள்ளேயே இருக்கிறது.

டெகிராஞ் இருந்த வரைக்கும் ரூர் டி பிரான்சில் போட்டி வீரர்களுக்குக் கியர் மாற்றி இல்லை. பின்சில்லின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பல்லுச் சக்கரம் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, சில்லைக் கழற்றி, மறுபக்கம் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏறவேணும். 1936இல் உடம்பு சுகமில்லாமல் டெகிராஞ் ஒதுங்க, ஜாக் கொடே பொறுப்பேற்றார். 1937இல் கியர் மாற்றிக்கு அனுமதி வந்தது. அந்த வருஷம் ரோஜர் லபேபி வென்றார். வெலோசியோ இதைப் பார்க்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முதலே ட்ராம் மோதி இறந்துபோனார்.

இரண்டு ஊர், இரண்டு வட்டம்

கியர் மாற்றி வந்துவிட்டது, சண்டை முடிந்தது என்றுதான் நினைக்கத் தோன்றும். அது வேறு இடத்துக்கு மாறியது. கிராங்குக்கு.

வெலோசியோவின் ஊரான சன்-எத்தியனில் ஸ்ரோங்லைற் என்ற கம்பனி 1930களில் அலுமினியக் கிராங்க் செய்தது. அதில் செயின்வீல் பூட்டுகிற ஐந்து துளைகள் கிராங்கின் மையத்துக்குக் கிட்ட, 50.4 மில்லிமீற்றர் வட்டத்தில் இருந்தன. பிறகு ரி.ஏ. என்ற இன்னொரு பிரெஞ்சுக் கம்பனியும் இதே வட்டத்தை எடுத்தது. பெரிய செயின்வீல் கிராங்கில் பூட்டும். சின்னச் செயின்வீல் பெரிய செயின்வீலிலேயே 80 மில்லிமீற்றர் வட்டத்தில் ஆறு போல்ட்டால பூட்டும். வட்டம் சின்னனாக இருந்ததால 26 பல்லு வரைக்கும் இறங்கலாம். மூன்றாவது செயின்வீலும் சேர்க்கலாம். வேணுமெண்டால் 46க்கு 30, வேணுமெண்டால் 50க்கு 34, ஊருக்கும் காலுக்கும் ஏற்றமாதிரி ஒன்றொன்றாக வாங்கிக் கலந்து பூட்டலாம். கியர் கடையில் கிடைக்கிற சாமானாக இருக்கவில்லை, ஓட்டுகிறவர் கணக்குப் போட்டு எழுதுகிற ஒன்றாக இருந்தது.

இத்தாலியின் விச்சென்சாவில் வேறு கதை. துலியோ கம்பான்யோலோ அங்கே 1933இல் கம்பனி தொடங்கினார். அவர் வேலை செய்தது போட்டி வீரர்களுக்காக. 1948இல் ஜீனோ பார்த்தாலி ரூர் டி பிரான்ஸ் வென்றது கம்பான்யோலோவின் கியர் மாற்றியோடுதான். அதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையைப் பின்னால விட்டு, பின்சில்லின் பிடியைத் தளர்த்தி, பெடலைப் பின்பக்கம் உழக்கவேணும். நினைக்கவே பயமாக இருக்கு. 1950களில் கேபிளால இயங்குகிற நல்ல கியர் மாற்றி வந்தது. 1958இல் வந்தது 'ரெக்கோட்' கிராங்க். அதன் துளை வட்டம் 151 மில்லிமீற்றர். சின்னச் செயின்வீல் 44க்குக் கீழ போகாது. 1967 அளவில் 144க்குக் குறைத்தார்கள். இப்ப 41 வரைக்கும் போகலாம். நடைமுறையில் 42.

இதில் விச்சென்சாக்காரர் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. அதை நியாயமாகச் சொல்லவேணும். பல்லுக்குக் கிட்டப் போல்ட் இருந்தால் செயின்வீல் வளையாது. பலமான கால் முழு வேகத்தில் உழக்கும்போது பிரெஞ்சுச் செயின்வீல் கொஞ்சம் நெளியும், கியர் மாறுவதும் மெதுவாக இருக்கும். போட்டியில் இது பெரிய விஷயம். போட்டி வீரருக்கு 42க்குக் கீழ தேவையும் குறைவு. ஆக 144 ஒரு குறிப்பிட்ட ஆளுக்குச் சரியான விடை.

பிரச்சினை அந்த விடை எல்லாருக்குமான விடையாக மாறியதுதான். போட்டியில் வென்றவர்கள் கம்பான்யோலோ பாவித்தார்கள். அதனால் நல்ல சைக்கிள் எண்டால் கம்பான்யோலோ மாதிரி இருக்கவேணும் என்றாகியது. ஜப்பானில் சுகினோ, சன்ரூர் போன்றவர்களும் தங்கட உயர்தரக் கிராங்குகளை 144இல் செய்தார்கள். ஷிமானோ 130ஐ எடுத்தது, அதில் 38 வரைக்கும் இறங்கலாம். 1970களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலட்சக்கணக்கில் சாதாரண ஆட்கள் ரேசிங் சைக்கிள் வாங்கினபோது, உயர்தரமானதை வாங்கினவர் பார்த்தாலியின் பேரனுக்குச் செய்த கிராங்கையும் சேர்த்துத்தான் வாங்கினார். டெகிராஞ் தடை போட்டார். இப்ப தடை போட ஒருத்தரும் தேவையில்லை. துளை இருக்கிற இடமே போதும்.

கலந்து பூட்டினவர்கள்

ஆனால் ஓட்டுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. 1970களின் '10 கியர்' சைக்கிளில் இருக்கிற ஒரு பகிடியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். முன்னால 52, 42. பின்னால 14, 17, 20, 24, 28. இரண்டைந்து பத்து. ஆனால் 42க்கு 14 எண்டால் விகிதம் 3.00. 52க்கு 17 எண்டால் 3.06. கால் இந்த இரண்டையும் பிரித்தறியாது. 42க்கு 20 எண்டால் 2.10, 52க்கு 24 எண்டால் 2.17. திரும்பவும் அதே கதை. பெட்டியில் பத்து எண்டு எழுதியிருந்தாலும் தனித்தனியாக உணரக்கூடியது ஆறு, ஏழுதான்.

இதற்குக் கணக்கு விரும்பிகள் கண்ட வழி 'அரைப்படி'. பின்சக்கரத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறக்குறைய 20 சதவீத வித்தியாசம். முன்னால 50, 46 என்று பூட்டினால் இடைவெளி 9 சதவீதம் அளவில், கிட்டத்தட்டப் பாதி. ஒவ்வொரு பெரிய படிக்கும் நடுவில் ஒரு சின்னப் படி. பத்தும் பத்து வேறு கியர். இதற்கு 144 வட்டம் தடையில்லை, ஏனெண்டால் இரண்டு செயின்வீலும் பெரிசு. ஆனால் மலை ஏறுகிறவருக்கு இது உதவாது. அவருக்குச் சின்னது வேணும். அரைப்படியோடு மூன்றாவதாக ஒரு குட்டிச் செயின்வீலைச் சேர்ப்பது அவருடைய வழி. 144 கிராங்கிலேயே உள்செயின்வீலைக் கழற்றி, அதற்குப் பதிலாக உட்பக்கம் இன்னொரு துளை வட்டம் போட்ட செயின்வீலைப் பூட்டி, அந்த வட்டத்தில் குட்டியைத் தொங்கவிடுகிற தந்திரமும் வந்தது. அதற்கு நடு அச்சையும் நீளமானதாக மாற்றவேணும்.

எல்லாம் சும்மா நடக்காது. பின்னாலுள்ள கியர் மாற்றியின் கை, செயினில் வருகிற தொய்வை விழுங்கவேணும். முன்னால 52–42, பின்னால 14–24 எண்டால் அது விழுங்கவேண்டியது இருபது பல்லுத் தொய்வு. முன்னால 52–36 ஆக்கினால் இருபத்தாறு. குட்டைக் கையுள்ள ரேசிங் மாற்றி அதைத் தாங்காது, செயின் தொங்கும். முன் கியர் மாற்றியின் கூடு பெரிய செயின்வீலின் வளைவுக்கு ஏற்றபடி இருக்கவேணும். செயின் நீளத்தைப் பெரியது–பெரியது சேர்க்கைக்கு அளந்து பார்க்கவேணும், குறைந்தால் மாற்றியையே முறிக்கும். இந்த விதிகளை எல்லாம் பட்டறையில் இருந்த ஆட்கள் கைப்பழக்கத்தில் படித்தார்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலச் செயின்வீலின் பல்லு எல்லாம் ஒரே மாதிரி, தட்டையானது. எந்த 52உம் எந்த 42உடனும் கதைக்கும்.

சோடி போட்ட காலம்

1984இல் ஷிமானோ 'க்ளிக்' என்று தானே இடத்தில் நிற்கிற கியர் முறையை ரேசிங் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அதுவரைக்கும் நெம்பை எவ்வளவு இழுப்பது என்று காதாலும் கையாலும் பழகவேணும். இனித் தேவையில்லை. நல்ல விஷயம்தான், புதிதாக ஓடுகிறவருக்குப் பெரிய உதவி. ஆனால் இதற்குப் பிறகு ஒவ்வொரு பாகமும் மற்றப் பாகத்தை எதிர்பார்க்கத் தொடங்கியது. செயின்வீலின் உட்பக்கம் முள்ளும் சரிவும் வந்தன. சின்னதிலிருந்து பெரியதுக்குச் செயின் ஏறும்போது கொளுவித் தூக்கிவிட. இந்த முள்ளுகளின் இடம் இரண்டு செயின்வீலின் பல்லு எண்ணிக்கையையும் பார்த்துக் கணக்கிட்டது. 53–39 சோடிக்குச் செய்த 53ஐ வேறொன்றோடு பூட்டினால் ஓடும். ஆனால் முள்ளு நிற்கிற இடத்துக்குச் செயின் சரியான நேரத்தில் வராது. செயினும் மெல்லிசாகிவிட்டதால பழைய செயின்வீல்களின் இடைவெளிக்குள் விழுந்து சிக்கவும் பார்க்கும்.

ஆக, தனித்தனியாக வாங்கிக் கலந்தது போய், சோடியாக வாங்குகிற காலம் வந்தது. சில புதிய கிராங்குகளில் இரண்டு செயின்வீலும் ஒரே துண்டு. ஒன்று தேய்ந்தால் இரண்டையும் எறியவேணும்.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கு. சோடி இறுகிக்கொண்டு போனபோது வட்டம் சுருங்கிக்கொண்டு வந்தது. 1980களில் சுற்றுலாச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் உரியதாக இருந்த 110 மில்லிமீற்றர் வட்டம், 2000களில் 'கொம்பக்ற்' என்ற பெயரில் ரேசிங் சைக்கிளுக்குள் வந்தது. 50–34. 2012இல் ஷிமானோவின் உயர்தரக் கிராங்கில் ஒரே நாலு கையில் 53–39உம் பூட்டலாம், 50–34உம் பூட்டலாம். இன்றைக்குக் கல்லுப் பாதைச் சைக்கிள்களுக்கு 46–30 விற்கிறார்கள். பிரெஞ்சுச் சுற்றுலாக்காரர் 50.4 வட்டத்தில் கலந்து பூட்டிய அதே எண்கள். வெலோசியோவின் கட்சி வென்றுவிட்டது. நூறு வருஷம் எடுத்தது. ஆனால் இப்ப எண்களைத் தெரிவுசெய்து பெட்டியில் போட்டுத் தருவது கம்பனி.

எங்கட பக்கம்

எங்கட ஊர்ச் சைக்கிள்களுக்கு இந்தக் கதையோடு நேரடித் தொடர்பு குறைவு. யாழ்ப்பாணத்தில் ஓடிய றலியும் ஹம்பரும் கொட்டர் பின் அடித்த இரும்புக் கிராங்க். பெரும்பாலும் செயின்வீல் வலது கிராங்கோடு சேர்ந்தே வரும். கலக்கவும் இடமில்லை, தரை மட்டமான ஊரில் அதற்குத் தேவையும் இல்லை. 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்த ஒற்றைக் கியர்ச் சைக்கிள்தான் பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதை வீட்டுக்கு வீடு இருக்கு. ஒரு சாமானை அது செய்யப்பட்ட நோக்கத்துக்கு வெளியே கொண்டுபோகிறது எங்கட ஆட்களுக்குப் புதிசில்லை.

2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது நாடு முழுக்கத் திரும்பவும் சைக்கிளைத் தேடியது. விலை ஏறியது, இறக்குமதிக் கட்டுப்பாட்டால் உதிரிப்பாகம் தட்டுப்பட்டது. அந்த நேரத்தில் ஒரு சைக்கிளைத் திரும்ப ஓடவைக்கலாமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது, வேறொரு சைக்கிளின் பாகம் அதில் பூட்டுமா என்ற கேள்விதான். பொது அளவு, கலந்து பூட்டக்கூடிய தன்மை எல்லாம் சைக்கிள் பைத்தியங்களின் பொழுதுபோக்கு இல்லை என்று அப்ப விளங்கியது. இறக்குமதியை நம்பி இருக்கிற ஒரு நாட்டில் அது நடமாட்டத்தைப் பற்றிய விஷயம்.

அதனால் பழைய ஐந்து கைக் கிராங்க் ஒன்று எங்கேயாவது அகப்பட்டால் எறியமுதல் அளந்து பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு துளைகளின் நடுவுக்கு நடு எவ்வளவு? 84.6 மில்லிமீற்றர் எண்டால் வட்டம் 144, 41க்குக் கீழ கனவு காணாதீர்கள். 76.4 எண்டால் 130, 38 வரைக்கும் பூட்டலாம். 64.7 எண்டால் 110, 34 பூட்டலாம். ஐந்து துளையும் மையத்துக்குக் கிட்ட ஒடுங்கி நின்றால், அது சன்-எத்தியன் பக்கத்துக் கிராங்காக இருக்கலாம். அதை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.